கீ சரி, விண்டோஸ் மட்டும் ஆக்டிவேட் ஆகவில்லை

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மெர்ச்சண்டைசிங், கணக்கு, ஸ்டோர்ஸ், பேட்டர்ன் அறை, டெஸ்பாட்ச் எல்லாம் சேர்த்தால் ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. எங்களிடம் இருந்த பாதிக்கு மேற்பட்ட சிஸ்டங்கள் விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), எட்டாம் தலைமுறை இன்டெல் ப்ராசஸர் என்ற வரம்புக்குள் வராதவை. அதனால் முப்பதுக்கு மேல் புது டெஸ்க்டாப்கள் ஒரே நேரத்தில் வந்து இறங்கின. அதே சூட்டில் பழைய சர்வரையும் மாற்றினோம். அது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-வில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு 2023 அக்டோபரிலேயே ஆதரவு முடிந்துவிட்டது.

எல்லாம் மாட்டி, டொமைனில் (சர்வர் நிர்வகிக்கிற அலுவலக நெட்வொர்க் குழுவில்) சேர்த்து, ஆட்கள் வேலையைத் தொடங்கியும் ஆயிற்று. கொஞ்ச நாளில் ஒவ்வொரு திரையிலும் வலது கீழ் மூலையில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்ற சாம்பல் நிற எழுத்து வந்து உட்கார்ந்தது. கணக்குப் பிரிவு அக்கா முதலில் கேட்டது, “தம்பி, இது இன்வாய்ஸ் பிரிண்ட்ல வராதுங்களே?” வராது. டாலி ஓடும், எக்செல் ஓடும், பிரிண்ட் சுத்தமாக வரும். திரையின் பின்னணிப் படம், நிறம் மாற்றுகிற அமைப்புகள்தான் பூட்டிக்கொள்ளும். ஆனால் பையரோடு வீடியோ காலில் திரையைப் பகிர்கிற மெர்ச்சண்டைசர்களுக்கு அது பெரிய சங்கடம். லைசென்ஸ் இல்லாத விண்டோஸ் வைத்திருக்கிறோம் என்று எதிராளி நினைத்துக்கொள்வான். ஒப்பந்தம் போட்டு, பணம் கட்டி வாங்கிய லைசென்ஸுக்கு இந்தப் பெயர் வரக்கூடாது.

சிஸ்டம் சப்ளை செய்த கடையிலிருந்து வந்தவர் எடுத்த எடுப்பில் சொன்னது, “சார், வேற கீ ஒண்ணு போட்டுப் பார்த்துடலாம்.” நான் வேண்டாம் என்றேன். விண்டோஸ் ஆக்டிவேட் ஆகவில்லை என்றால் பத்துக்கு எட்டுப் பேர் கை கீயை, அதாவது லைசென்ஸ் எண்ணைத்தான் தேடிப் போகும். அலுவலகச் சூழலில் தப்பு பெரும்பாலும் கீயில் இருப்பதில்லை. நேரத்தில், பெயரில், எடிஷனில், வழியில் எங்கோ இருக்கும். இந்த முறை இந்த நான்கும் ஒரே கட்டடத்தில் எனக்குக் கிடைத்தன. அதனால்தான் விரிவாக எழுதி வைக்கிறேன்.

முதலில் எங்கள் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். குழுமத்துக்கு வால்யூம் லைசென்ஸ் (மொத்தமாக வாங்குகிற லைசென்ஸ்) ஒப்பந்தம் இருக்கிறது. சிஸ்டங்களில் இருப்பது என்டர்பிரைஸ் எடிஷன். இதில் ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் தனிக் கீ கிடையாது. அலுவலக சர்வரில் கேஎம்எஸ் என்ற சேவை ஓடும். அந்த சர்வர் மட்டும் மைக்ரோசாஃப்ட்டிடம் தன்னை ஆக்டிவேட் செய்துகொள்ளும். மற்ற சிஸ்டங்கள் 1688 என்ற டிசிபி போர்ட் வழியாக அந்த சர்வரிடம் கேட்டு, 180 நாளுக்கு ஆக்டிவேஷன் வாங்கிக்கொள்ளும். 7 நாளுக்கு ஒருமுறை தானாகவே போய்ப் புதுப்பிக்கும். புதுப்பித்தால் மறுபடி முழு 180 நாள். கிடைக்காவிட்டால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே இருக்கும். இப்படிக் கேட்டு வாங்குகிற கிளையண்ட் சிஸ்டங்களில் போடுகிற கீ உலகம் முழுக்க எல்லாருக்கும் பொது, மைக்ரோசாஃப்ட்டே வெளியிட்டிருப்பது. அதை அழித்து மறுபடி அடிப்பதால் எதுவும் மாறாது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? விண்டோஸோடு கூடவே எஸ்எல்எம்ஜிஆர் என்றொரு சின்ன ஸ்கிரிப்ட் வருகிறது. கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, எஸ்எல்எம்ஜிஆர் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஸ்லாஷ் டிஎல்வி என்று போட்டால் ஒரு பெட்டி திறக்கும். எந்த எடிஷன், என்ன வகை லைசென்ஸ் (கடையில் தனியாக வாங்கிய ரீட்டெயிலா, சிஸ்டத்தோடு வந்த ஓஇஎம்மா, கேஎம்எஸ் கிளையண்ட்டா, ஒரே கீயைப் பல சிஸ்டத்தில் போடுகிற எம்ஏகேயா), கீயின் கடைசி ஐந்து எழுத்து, இப்போதைய நிலை, எந்த கேஎம்எஸ் சர்வரைத் தேடுகிறது, கேஎம்எஸ் சர்வர் அந்த சிஸ்டத்தை அடையாளம் காண்கிற சிஎம்ஐடி எண் எல்லாம் அதில் இருக்கும். எந்த சிஸ்டத்தையும் தொடுவதற்கு முன்னால் இந்தப் பெட்டியை ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்துவிடுவேன். எதையாவது மாற்றிய பிறகு பார்த்தால் முதலில் என்ன இருந்தது என்று தெரியாமல் போய்விடும்.

பழைய சர்வரின் பெயர்

முதல் சிஸ்டத்தில் ஸ்லாஷ் ஏடிஓ கொடுத்து ஆக்டிவேட் செய்யச் சொன்னேன். வந்த பிழை எண் 0எக்ஸ் சி004எஃப்074. கேஎம்எஸ் சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று அர்த்தம். புது சர்வர் ஓடுகிறது, பிங் போகிறது, ஷேர் ஃபோல்டர் திறக்கிறது. பிறகு ஏன்?

கிளையண்ட் சிஸ்டம் கேஎம்எஸ் சர்வரைக் கண்டுபிடிப்பது டிஎன்எஸ் என்ற பெயர்ப் பட்டியல் மூலம். விஎல்எம்சிஎஸ் என்ற பெயரில் எஸ்ஆர்வி வகைப் பதிவு ஒன்று டிஎன்எஸ்ஸில் இருக்கும். ‘இந்த அலுவலகத்தில் ஆக்டிவேஷன் தருவது இன்ன சர்வர், இன்ன போர்ட்’ என்று அது சொல்லும். அந்தப் பட்டியலைக் கேட்டுப் பார்க்கிற என்எஸ்லுக்அப் கட்டளையில் வகையை எஸ்ஆர்வி என்று மாற்றி அந்தப் பெயரைக் கேட்டேன். பதிலாக வந்தது, கழற்றி அட்டைப்பெட்டியில் வைத்துவிட்ட பழைய சர்வரின் பெயர்.

புது சர்வரில் கேஎம்எஸ் நிறுவினால் அதுவே தன் பெயரை டிஎன்எஸ்ஸில் எழுதிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் ஏற்கெனவே ஒரு கேஎம்எஸ் சர்வர் எழுதிய பதிவு இருந்தால், அதை மாற்ற இரண்டாவது சர்வருக்கு அனுமதி இருக்காது. பழையது எழுதிய பதிவுக்குப் பழையதுதான் சொந்தக்காரர். புது சர்வரின் ஈவென்ட் வியூவரில் 12293 என்ற எண்ணில் ‘டிஎன்எஸ்ஸில் வெளியிட முடியவில்லை’ என்று பதிவாகித்தான் இருந்தது. யாரும் போய்ப் பார்க்காத இடம் அது.

பழைய பதிவை டிஎன்எஸ்ஸிலிருந்து நீக்கினேன். புது சர்வரில் சாஃப்ட்வேர் ப்ரொடெக்ஷன் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தேன். புதுப் பதிவு வந்தது. அப்படியும் அதே பிழை. இந்த முறை காரணம் ஃபயர்வால். விண்டோஸ் சர்வரின் ஃபயர்வாலில் கேஎம்எஸ்ஸுக்கென்று விதி தயாராகவே இருக்கும், ஆனால் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதை இயக்கினால்தான் 1688 திறக்கும். பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் என்ற கட்டளையில் சர்வர் பெயரையும் 1688-ஐயும் கொடுத்தால் போர்ட் திறந்திருக்கிறதா என்று ஒரு வரியில் சொல்லிவிடும். பிங் போகிறது என்பதை வைத்து வழி திறந்திருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது. பிங்குக்கு வழிவிட்ட ஃபயர்வாலே 1688-ஐ மறித்து நிற்கலாம்.

முப்பதுக்கு மேல் சிஸ்டம், எண்ணிக்கை 9

வழி திறந்ததும் பிழை எண் மாறியது. சி004எஃப்038. பிழை எண் மாறினால் எனக்கு நிம்மதி. ஒரு கதவைத் தாண்டிவிட்டோம் என்று தெரியும். இந்த எண்ணுக்குப் பொருள், ‘சர்வர் கிடைத்துவிட்டது, ஆனால் அதன் எண்ணிக்கை போதவில்லை’.

கேஎம்எஸ்ஸுக்கு ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கை உண்டு. டெஸ்க்டாப் விண்டோஸ் என்றால் குறைந்தது 25 வெவ்வேறு சிஸ்டங்கள் கேட்டிருக்க வேண்டும். சர்வர் விண்டோஸ் என்றால் 5. அதுவரை யாருக்கும் தராது, கேட்டவர்களை எண்ணிக்கொண்டு மட்டும் இருக்கும். நாலைந்து சிஸ்டம் உள்ள வீடுகளில் இதைக் கொண்டுபோய் வைக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு.

எங்களிடம் புதிதாக வந்தவையே முப்பதுக்கு மேல். விண்டோஸ் 11-க்கு ஏற்றிய பழையவை எட்டு. சர்வரில் போய் ஸ்லாஷ் டிஎல்வி பார்த்தால் எண்ணிக்கை 9 என்று நிற்கிறது. அரை நாள் விட்டுப் பார்த்தாலும் 9. கோரிக்கைகள் வந்தது என்ற எண் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. வருகிறார்கள், ஆனால் புது ஆளாக யாரும் வரவில்லை.

எட்டும் ஒன்றும் ஒன்பது என்று அப்போதே பொறி தட்டியது. மெர்ச்சண்டைசிங்கில் ஒரு சிஸ்டத்தில் உட்கார்ந்து சிஎம்ஐடி எண்ணைப் பார்த்தேன். நீளமான எண், எழுத்தும் இலக்கமும் கலந்து ஐந்து துண்டாக இருக்கும். கடைசித் துண்டை ஒரு பழைய ஸ்டைல் ஷீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன். பக்கத்து மேசையில் அதே பெட்டியைத் திறந்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். ஒன்றேதான். ஸ்டோர்ஸில் இருந்த சிஸ்டம், அதுவும் அதே. மாடியில் எச்ஆர் அறையில், அதுவும் அதே. சர்வரின் கண்ணுக்கு இந்த முப்பது சொச்சம் கம்ப்யூட்டரும் ஒரே கம்ப்யூட்டர். ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்து டோக்கன் கேட்டால் வரிசை நீளுமா?

நடந்தது என்னவென்றால், கடையில் ஒரு சிஸ்டத்தில் விண்டோஸும் எல்லா சாஃப்ட்வேரும் போட்டு, அந்த எஸ்எஸ்டியை அப்படியே மற்றவற்றுக்கு க்ளோன் செய்திருக்கிறார்கள். க்ளோன் செய்வது தப்பில்லை. முப்பது சிஸ்டத்துக்கு யாரும் தனித்தனியாக இன்ஸ்டால் செய்துகொண்டிருக்க முடியாது. ஆனால் இமேஜ் எடுப்பதற்கு முன் சிஸ்ப்ரெப் என்ற கருவியை ஜெனரலைஸ் என்ற விருப்பத்தோடு ஓட்டவேண்டும். அந்த சிஸ்டத்துக்கே உரிய அடையாளங்களை அது கழற்றிவிடும். புது சிஸ்டம் ஒவ்வொன்றும் முதல்முறை பூட் ஆகும்போது தனக்கென்று புது அடையாளம் உருவாக்கிக்கொள்ளும். இங்கே அந்த ஒரு படி விட்டுப்போயிருந்தது.

உடனடி மருந்து ஸ்லாஷ் ரீஆர்ம். அதைக் கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் சிஎம்ஐடி புதிதாக உருவாகும். அதற்கும் ஒரு வரம்பு எண் உண்டு, டிஎல்வி பெட்டியிலேயே மீதி எத்தனை என்று காட்டும். விருப்பம் போல் ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு பிரிவாகச் செய்தோம். ரீஆர்ம், ரீஸ்டார்ட், ஏடிஓ. ஒவ்வொன்றுக்கும் அதே சி004எஃப்038 பிழைதான் வந்தது, ஆனால் சர்வரில் எண்ணிக்கை 10, 11, 12 என்று ஏற ஆரம்பித்தது. உடன் இருந்த பையனை சர்வர் முன்னால் உட்கார வைத்து, ஒவ்வொரு முறையும் எண்ணை ஃபோனில் சொல்லச் சொன்னேன். 24 வரை எல்லாம் பிழை. அடுத்த சிஸ்டத்தில் ஏடிஓ கொடுத்தபோது ‘வெற்றிகரமாக ஆக்டிவேட் ஆனது’ என்று வந்தது. பையன் அந்தப் பக்கம், “அண்ணா, 25 ஆயிருச்சுங்கண்ணா” என்றான். அதற்கு முன் பிழை காட்டியவற்றை நான் திரும்பப் போய்த் தொடவில்லை. அடுத்த 2 மணி நேரச் சுற்றில் அவையே கேட்டு வாங்கிக்கொண்டன. கணக்குப் பிரிவில் சாம்பல் எழுத்து தானாகவே மறைந்தது.

பலர் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ரீஆர்ம் சிஎம்ஐடியை மட்டும்தான் மாற்றுகிறது. எஸ்ஐடி என்ற இன்னோர் அடையாளம் எல்லா க்ளோன்களிலும் ஒன்றாகவே இருக்கும். ரொம்ப காலம் இதனால் பெரிய தொல்லை வந்ததில்லை. ஆனால் 2025 ஆகஸ்ட் கடைசியிலிருந்து வந்த அப்டேட்களுக்குப் பிறகு, விண்டோஸ் 11 24எச்2, 25எச்2, சர்வர் 2025 ஆகியவற்றில் இந்தச் சோதனை கடுமையாகிவிட்டது. ஒரே எஸ்ஐடி கொண்ட இரண்டு சிஸ்டங்களுக்கு நடுவே ஷேர் ஃபோல்டர் திறப்பது, ரிமோட் டெஸ்க்டாப் போவது போன்றவற்றில் பாஸ்வேர்ட் சரியாக இருந்தாலும் உள்ளே விடாது. ஸ்டோர்ஸில் ஒரு சிஸ்டத்தில் மாட்டிய பார்கோடு பிரிண்டரைப் பக்கத்து சிஸ்டம் எடுக்க முடியாமல் தவித்ததற்கும் இதுதான் காரணம். ஆக்டிவேஷனுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

இதற்கு ஒட்டுப்போடுகிற வேலை கிடையாது. சிஸ்ப்ரெப் ஓட்டிய சுத்தமான இமேஜ் ஒன்று செய்து, மறுபடி எல்லாவற்றுக்கும் போடவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரிவு பிரிவாகப் போட்டோம். சிஸ்ப்ரெப் முதலில் ஓடாமல் அடம்பிடித்தது. ஏதாவது ஒரு யூசருக்கு மட்டும் ஸ்டோரிலிருந்து ஓர் ஆப் இறங்கியிருந்தால் அது நின்றுவிடும். சிஸ்ப்ரெப் ஃபோல்டருக்குள் பான்தர் என்ற உள் ஃபோல்டரில் இருக்கிற லாகைத் திறந்தால் எந்த ஆப் என்று பெயரோடு சொல்லும். அதை நீக்கிவிட்டு ஓட்டினால் போகும். இமேஜ் தயாரிக்கிற சிஸ்டத்தை இன்டர்நெட்டில் இணைக்காமல் வைத்திருப்பது இதைத் தவிர்க்க நல்ல வழி.

டெஸ்பாட்ச் சிஸ்டத்தின் தேதி

டெஸ்பாட்ச் கொட்டகையில் இருக்கும் சிஸ்டம் டொமைனில் இல்லை. தனியாக, வொர்க்குரூப்பில் இருக்கிறது. விண்டோஸ் 11-க்கு ஏற்ற முடிந்த எட்டில் இதுவும் ஒன்று. அதில் வந்த பிழை சி004எஃப்06சி. ‘கேட்கிற நேரம் செல்லாது’ என்று பொருள். சர்வர் நேரத்துக்கும் கிளையண்ட் நேரத்துக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தால் கேஎம்எஸ் தராது.

டாஸ்க்பாரைப் பார்த்தால் தேதி சில வருடம் பின்னால் இருந்தது. டெஸ்பாட்ச் பையன் அதைத் தினமும் காலையில் கையால் சரிசெய்து வந்திருக்கிறான். “மறுபடி மறுபடி மாறுதுங்கண்ணா, நானே வெச்சுக்குவேன்” என்றான். ராத்திரி மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போகிற இடம் அது. தேதியைக் காத்து வைக்கிற சிமாஸ் பேட்டரி செத்துப்போனால் மின்சாரம் போன ஒவ்வொரு தடவையும் பயாஸ் தன் ஆரம்பத் தேதிக்குப் போய்விடும். இன்டர்நெட்டிலிருந்து நேரம் தானாகச் சரியாகிவிடும் என்று நாம் நினைப்போம். டொமைனில் இல்லாத விண்டோஸில் நேரச் சேவைக்கு இயல்பாகவே 15 மணி நேர வரம்பு வைத்திருக்கிறார்கள். வித்தியாசம் அதைத் தாண்டினால் தானாகத் திருத்தாமல் விட்டுவிடும். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாமல் போகும்; பேங்க் தளம் திறக்காது, இ-வே பில் தளம் திறக்காது. ‘நெட் சரியில்லை’ என்று எல்லாரும் புலம்பியது இதைத்தான்.

கேபினெட்டைத் திறந்தேன். பனியன் கம்பெனியில் கேபினெட் திறப்பதென்றால் மூக்கைக் கட்டிக்கொள்ளவேண்டும். பஞ்சுத் தூசி ப்ராசஸர் ஃபேனில் ஒரு தடித்த பாயாகப் படிந்திருந்தது. பவர் கார்டைக் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மீதிக் கரண்ட்டைப் போக்கிவிட்டு, பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தள்ளி, ப்ளோயர் போட்டேன். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டுதான் ப்ளோயர் அடிக்கவேண்டும். சுற்றவிட்டால் பேரிங் கெடும். மதர்போர்டில் சிஆர்2032 காசு பேட்டரி. ஓரத்துக் கொக்கியை நகத்தால் தள்ளினால் எம்பி வரும். 3 வோல்ட் காட்டவேண்டியது மல்டிமீட்டரில் ஒன்றரைக்கும் கீழே நின்றது. புதுசு போட்டு, எழுத்து இருக்கிற பக்கம் மேலே வருமாறு அழுத்தி, பயாஸில் தேதி வைத்து, விண்டோஸில் இந்திய நேர மண்டலம்தானா என்றும் பார்த்துக்கொண்டேன். டொமைனில் இல்லாத சிஸ்டம் கேஎம்எஸ் சர்வரை எப்போதும் தானாகக் கண்டுபிடிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. ஸ்லாஷ் எஸ்கேஎம்எஸ் கொடுத்து சர்வர் பெயரையும் 1688-ஐயும் சொல்லிவிட்டேன். ஆக்டிவேட் ஆனது. பேட்டரிக்கு ஆன செலவு ஒரு டீ, வடைக்கு மேல் போகாது.

பேட்டர்ன் அறை

இங்கேதான் எனக்குக் கவலை அதிகமாயிற்று. பேட்டர்ன் அறையில் ஒரு பழைய சிஸ்டம். அதில் மட்டும் சாம்பல் எழுத்து ஒருநாளும் வந்ததில்லை. ‘இது நல்ல சிஸ்டம், இதை விட்டுடுங்க’ என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நான் வந்த வேலைக்கு அதையும் பார்த்துவிடுவோம் என்று டிஎல்வி அடித்தேன். கேஎம்எஸ் சர்வர் இருக்கவேண்டிய இடத்தில் 127.0.0.1. அதாவது தனக்குத்தானே ஆக்டிவேஷன் கொடுத்துக்கொள்கிற சிஸ்டம். யாரோ எப்போதோ கிராக் ஆக்டிவேட்டர் ஒன்றை ஓட்டியிருக்கிறார்கள்.

டாஸ்க் ஷெட்யூலரில் பார்த்தால் குறிப்பிட்ட இடைவெளியில் ஓடுகிற ஒரு வேலை, பொருளில்லாத பெயரில். விண்டோஸ் செக்யூரிட்டியில் விலக்குப் பட்டியலைத் திறந்தால் ஒரு முழு ஃபோல்டரும் விலக்கப்பட்டிருந்தது. இந்தக் கருவிகளைப் போடச் சொல்கிற யாரும் முதலில் சொல்வது ‘ஆன்டிவைரஸை அணைத்துவிடு’ என்பதுதான். அணைத்துவிட்டு அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டும் ஒரு ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பாஸ்வேர்டைத் திருடும் நிரல்கள் இப்படி ஆக்டிவேட்டர் வேடத்தில் பரவுவது பல வருடமாக நடக்கிறது. அந்த சிஸ்டத்தில் பையர்களின் அடுத்த சீசன் டிசைன்கள் இருந்தன. அலுவலக மெயிலும் அதில் திறந்தே இருந்தது.

சிலர் ஸ்லாஷ் சிகேஎம்எஸ் கொடுத்து அந்த முகவரியை அழித்துவிட்டு, டாஸ்க்கையும் நீக்கிவிட்டால் போதும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நெட்வொர்க் கேபிளைக் கழற்றினேன். பேட்டர்ன் ஃபைல்களை மட்டும் வெளி டிஸ்க்கில் எடுத்து, வேறொரு சுத்தமான சிஸ்டத்தில் ஸ்கேன் செய்தேன். அந்த சிஸ்டத்தில் அடிக்கப்பட்ட எல்லா பாஸ்வேர்டுகளையும் வேறு சிஸ்டத்திலிருந்து மாற்றச் சொன்னேன். டிஸ்க்கை முழுதாக அழித்தேன். மறுபடி விண்டோஸ் போட வழியிருக்கிறதா என்று பார்த்தால், கேபினெட்டில் ஒட்டியிருந்தது விண்டோஸ் 7 ப்ரொஃபெஷனல் ஸ்டிக்கர். அந்தக் கீயை வைத்துப் புது விண்டோஸுக்கு வருகிற வழியை மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் மூடிவிட்டது. ப்ராசஸரும் நான்காம் தலைமுறை. நிர்வாகத்திடம் பேசி அந்த அறைக்கும் புது சிஸ்டம் ஒன்று வாங்கினோம். பேட்டர்ன் மாஸ்டருக்கு முதலில் வருத்தம்தான். அவர் கைபழகிய சிஸ்டம் அது.

மேனேஜரின் லேப்டாப் விவகாரம் எளிது. அது ஹோம் எடிஷனோடு வந்தது. விண்டோஸ் 8 காலத்திலிருந்தே லேப்டாப்களில் கீ ஸ்டிக்கராக இல்லாமல் மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே எழுதப்பட்டு வருகிறது. யாரோ ஃபார்மேட் செய்து ப்ரோ போட்டுவிட்டார்கள். ஃபர்ம்வேரில் இருப்பது ஹோம் கீ, டிஸ்க்கில் இருப்பது ப்ரோ. எப்படி ஒட்டும்? அவர் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு ஒரு ப்ரோ கீ பார்த்து வைத்திருந்தார். அப்படி விற்கப்படுபவை பல நேரம் வேறெங்கோ ஒரு நிறுவனத்தின் வால்யூம் கீயிலிருந்து கசிந்தவை. இன்று ஆக்டிவேட் ஆகும். தடை செய்யப்பட்டதும் சி004சி003 என்று நின்றுவிடும். அதைவிட முக்கியம், கீ ஆக்டிவேட் ஆனதாலேயே லைசென்ஸ் நமக்குச் சொந்தமாகிவிடாது. கணக்கில் காட்ட ஒரு பில் இருக்காது. அவரிடம் இதைச் சொல்லி, முறையான ப்ரோ அப்கிரேடை பில்லோடு வாங்கிப் போட்டோம்.

இதையொட்டி ஒன்று. வால்யூம் ஒப்பந்தத்தில் வரும் டெஸ்க்டாப் விண்டோஸ் ஓர் அப்கிரேட் மட்டுமே. அடியில் தகுதியான ப்ரோ லைசென்ஸ் ஒன்று ஏற்கெனவே இருக்கவேண்டும். ஹோம் அதற்குச் செல்லாது. விலை குறைவு என்று ஹோம் போட்ட சிஸ்டங்களை வாங்கி, மேலே என்டர்பிரைஸ் ஏற்றி கேஎம்எஸ்ஸில் ஆக்டிவேட் செய்தால் தொழில்நுட்பம் தடுக்காது, எழுத்தும் வராது. ஆனால் லைசென்ஸ் தணிக்கை வந்தால் அத்தனையும் லைசென்ஸ் இல்லாதவையாகத்தான் கணக்காகும். அதனால் கொள்முதல் ஆர்டர் போகும் முன்பே எடிஷன் பெயரை நான் படித்துப் பார்த்துவிடுகிறேன். இப்போது ஒரு எக்செல் ஷீட் வைத்திருக்கிறேன். சிஸ்டத்தின் சீரியல் எண், எந்த எடிஷனோடு வந்தது, பில் எண், என்ன வகை ஆக்டிவேஷன், மதர்போர்டு மாற்றிய தேதி. மதர்போர்டு மாற்றினால் டிஜிட்டல் லைசென்ஸ் அறுந்துபோகும் என்பதால் கடைசிக் கட்டம் அவசியம்.

அடுத்து ஒரு வேலை இருக்கிறது. டொமைனில் உள்ள சிஸ்டங்களுக்கு, டொமைனின் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரி மூலமே ஆக்டிவேஷன் தரும் முறை விண்டோஸ் 8, சர்வர் 2012 காலத்திலிருந்து உண்டு. அதில் 25 என்ற எண்ணிக்கையும் கிடையாது, க்ளோன் தொல்லையும் இந்த அளவுக்கு வராது. எனக்கு அதுதான் பிடித்த முறை. ஆனால் அவசரப்பட்டு மாற்றினால் ஒரு சிக்கல் உண்டு. விண்டோஸ் முதலில் ஆக்டிவ் டைரக்டரியைத்தான் கேட்கும். அங்கே கிடைத்துவிட்டால் கேஎம்எஸ் பக்கம் போகவே போகாது. ஒரு சிஸ்டம் 30 நாள் வராவிட்டால் கேஎம்எஸ் சர்வர் அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடும். ஒரு மாதத்தில் எண்ணிக்கை 25-க்குக் கீழே இறங்கும், டொமைனில் இல்லாத டெஸ்பாட்ச் போன்ற சிஸ்டங்கள் நடுவழியில் நிற்கும். ஆகவே முதலில் அந்தச் சில சிஸ்டங்களுக்கு எம்ஏகே கீ போட்டுவிடுவது, பிறகு மற்றதை மாற்றுவது என்று வரிசை வைத்திருக்கிறேன். எம்ஏகே ஒருமுறை ஆக்டிவேட் ஆனால் 180 நாள் கணக்கு கிடையாது. ஆனால் ஒப்பந்தத்தில் கொடுத்த எண்ணிக்கையிலிருந்து ஒன்று குறையும், ஃபார்மேட் செய்து மறுபடி போட்டால் இன்னொன்றும் குறையும்.

வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்கு மெர்ச்சண்டைசர்கள் எடுத்துப்போகிற லேப்டாப்கள்தான் மீதி. அவை 180 நாளுக்குள் ஒருமுறையாவது விபிஎன் வழியாக டொமைனைத் தொடவேண்டும். இதற்கென்று விபிஎன் இணைந்ததும் ஸ்லாஷ் ஏடிஓ ஓடுமாறு ஒரு டாஸ்க் எழுதி, இரண்டு லேப்டாப்பில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.